அட்டையில் இளம்பச்சை

இன்னும் கொஞ்சம் திறங்க. அவ்ளோதான். கிளிப்பு உதட்டை இழுத்துப் பிடிக்கும், வலிக்காது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புங்க. லைட்டெல்லாம் நான்தான் அணைச்சேன். பல்லோட கலரைப் பகல் வெளிச்சத்துலதான் பாக்கணும். ட்யூப் லைட்ல பாத்துச் செஞ்சா அங்க நல்லா இருக்கும், தெருவுல போய்ச் சிரிச்சா அந்த ஒரு பல்லு மட்டும் தனியா நிக்கும். பேச வேண்டாம் சார். இந்தக் கிளிப்பைப் போட்டுக்கிட்டு இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை. ஏதாவதுன்னா கையைத் தூக்குங்க.

இதோ வரிசையா இருக்கே, பதினாறு பல்லு, இதை வெச்சுத்தான் பொருத்தம் பாக்கறது. எல்லாம் வெள்ளைதானேன்னு நினைக்கறீங்க. இல்லை. ஒண்ணுல மஞ்சள் ஓடும், ஒண்ணுல சாம்பல் ஓடும், இதுல பாருங்க, லேசா ஒரு சிவப்பு. இருபத்தாறு வருஷமா இதே வேலைதான். டாக்டர் பல்லைச் செதுக்கி அளவெடுத்து அனுப்புவாரு, மேல மாட்டற பல்லை இந்த லேப்ல நான் செய்வேன். சாதாரணமா கலரையும் அவரே சீட்டுல எழுதிடுவாரு. முன்பல்லா இருந்தா மட்டும் ஆளையே அனுப்பச் சொல்வேன். இன்னிக்குச் சீட்டுல உங்க பேரைப் பாத்தேன். கூட வேலை செய்யற பொண்ணை வெளிய அனுப்பிட்டேன், நானே பாத்துக்கறேன்னு.

புருவத்தைத் தூக்கறீங்க. ஏன்னு கேக்கறீங்க, அதானே.

உங்களை எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத்தான் என்னைத் தெரியாது. போன மாசம் அந்தப் பெரிய ஹால்ல சின்னக் கார் பொம்மைங்க கண்காட்சி நடந்துச்சே, பழைய அமெரிக்கக் காருங்க மட்டும், நீங்கதான் ஜட்ஜு, கையில மைக்கு. பொம்மைன்னா கோபம் வருதா? சரி, மாடல். என் தம்பியும் அப்படித்தான் திருத்துவான்.

மூணாவது மேஜை. ஐம்பத்தேழாம் வருஷத்து செவர்லே பெல் ஏர். ஒரு சாண் நீளம்.

ஆங். இப்ப வந்துடுச்சு ஞாபகம். கண்ணு எப்படிப் பெரிசாகுது பாருங்க.

தலையை ஆட்டாதீங்க. பல்லு காஞ்சா வெளுத்துடும், அதான் அப்பப்ப தண்ணி தொட்டு வைக்கறேன். நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும். அன்னிக்கு நாங்க எல்லாரும் உக்காந்து நீங்க பேசினதைக் கேட்டோம், இன்னிக்கு நீங்க கேளுங்க.

அந்த நிஜக் கார்ல பெட்ரோல் ஊத்தற மூடி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பின்னால இறக்கை மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குதே, இடது பக்கத்து இறக்கை, அதோட ஓரத்துல இருக்கற வெள்ளிப் பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். என் தம்பி அதைத் திறந்து மூடற மாதிரி செஞ்சிருந்தான். தையல் ஊசியை நறுக்கி அதுக்குக் கீல் வெச்சான். ஒம்போது நாள் ஆச்சு அதுக்கு மட்டும். அந்த வெள்ளிப் பட்டையெல்லாம் பெயின்ட்டு கிடையாது சார், ஒட்டற தாளு, மூச்சு விட்டாப் பறக்கும். பல்லு குத்தற குச்சியால நீவி நீவிப் படிய வெச்சு, புது பிளேடால ஓரம் வெட்டணும். பிளேடு கொஞ்சம் அழுந்தினா அடியில இருக்கற பெயின்ட்டு போச்சு, மறுபடி முதல்லேருந்து. டாஷ்போர்டுல வேக முள்ளை ஒத்தை மயிர்ப் பிரஷ்ஷால போட்டிருந்தான். அதையெல்லாம் நீங்க குனிஞ்சு பாக்கவே இல்லை.

நீங்க அட்டையைப் படிச்சீங்க. காருக்கு முன்னாடி ஒரு அட்டை, அவன் உருட்டி உருட்டி எழுதுவான். உடம்பு இளம்பச்சை, கூரை க்ரீம், கம்பெனி போட்ட அதே கலரு. அதை மைக்குல சத்தமாப் படிச்சீங்க. அப்புறம் காரைக் கையில எடுத்துத் தூக்கிக் காட்டினீங்க. காரு ரோஸ் கலர்ல இருந்துச்சு. ஈறு கலர்னு வெச்சுக்கோங்களேன்.

தப்பு இல்லை, அதுவரைக்கும் தப்பு இல்லை. நான் ஒத்துக்கறேன். கலரு தப்பு, மார்க்கைக் குறைச்சுட்டு அடுத்த மேஜைக்குப் போயிருக்கலாம். நீங்க அவனை மேடைக்குக் கூப்பிட்டீங்க. இது பச்சைன்னா என் சட்டை என்ன கலருன்னு கேட்டீங்க. நீங்க போட்டிருந்தது பச்சைச் சட்டை. அவன் பழுப்புன்னான். ஹாலே சிரிச்சுது. நீங்க ருசி கண்டுட்டீங்க. அந்தத் திரை என்ன கலரு, அந்தக் குழந்தை கையில இருக்கற பலூன் என்ன கலருன்னு ஒண்ணொண்ணாக் கேட்டீங்க. அவனும் நின்னு ஒண்ணொண்ணா பதில் சொன்னான். இறங்கி ஓடிப் போயிருக்கலாம். அவனுக்கு அது வராது. பெரியவங்க கேட்டா நின்னு பதில் சொல்ற பையன் அவன், நாப்பத்திநாலு வயசாகியும். கடைசியா நீங்க என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா? வீட்ல இவருக்குப் பச்சைன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரலையான்னு கேட்டீங்க.

சொல்லித் தந்தோம் சார். நான்தான் சொல்லித் தந்தேன்.

கையை இறக்குங்க. எனக்குத் தெரியாதுன்னு காட்டறீங்க, புரியுது. யாருக்கும்தான் தெரியாது. எங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அம்மா போயாச்சு. சின்னதுல அவனைத் தக்காளி வாங்க அனுப்பினா பழமும் காயுமா அள்ளிக்கிட்டு வருவான். அம்மா, கவனமே இல்லைன்னு போட்டு மொத்துவாங்க. ஒரு நாள் ரெண்டு தக்காளியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது பழம்னு நான் கேட்டேன். மோந்து பாத்துட்டுச் சொன்னான். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒண்ணாத்தான் தெரியுதுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அன்னிலேருந்து அவனுக்குக் கண்ணு நான்தான். அவன் துணிக்குள்ள கலர் பேரை நூலால தெச்சு வெப்பேன்.

அப்புறம் ஒரு பெரிய கம்பெனியில ஆளுங்களை ஏத்திட்டுப் போற பஸ்ஸுக்கு டிரைவர் வேலை வந்துச்சு. வண்டி ஓட்டறதுன்னா அவனுக்கு உசுரு. கண்ணு டெஸ்ட்டுல ஒரு புஸ்தகம் காட்டுவாங்க, பக்கம் பூரா புள்ளிப் புள்ளியா இருக்கும், நடுவுல ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும். பக்கத்துக் கண்ணு கிளினிக்ல அந்தப் புஸ்தகத்தை ரெண்டு நாளுக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். எந்தப் பக்கத்துல எந்த நம்பருன்னு மனப்பாடம் பண்ண வெச்சேன். பாஸாயிட்டான். பதினேழு வருஷம் ஓட்டினான். ஒரு கீறல் கிடையாது.

ம்? ஆபத்துன்னு சொல்றீங்களா? கையை இப்படி வெட்டிக் காட்டறீங்களே, அதானே? சிக்னல்ல மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சாப் போன்னு அவனுக்குத் தெரியும். மழையில, பனியில என்ன பண்ணுவான்னு நானும் பயந்திருக்கேன். சரி, ஆபத்துதான். நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா நீங்க நியாயத்துக்காகக் கேக்கலையே அன்னிக்கு. சிரிப்புக் காட்டத்தானே கேட்டீங்க.

நாலாவது வரிசையில அந்தக் கம்பெனியில வண்டிங்களைப் பாத்துக்கற ஆபீசர் உக்காந்திருந்தாரு. பையனுக்குக் காருங்களைக் காட்டலாம்னு வந்தவரு. அவர் சிரிக்கலை. மூணாம் நாள் தம்பியைக் கூப்பிட்டு மறுபடி கண்ணு டெஸ்ட்டு வெச்சாங்க, இந்தத் தடவை வேற புஸ்தகம். இப்ப அவன் கேட்டுல நிக்கறான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதற வேலை. அவன் ஓட்டின பஸ்ஸை வேற ஒருத்தன் ஓட்டிக்கிட்டு வர்றான், இவன் எழுந்து கேட்டைத் திறந்து விடறான். அவன் பொண்டாட்டி அவன்கூடப் பேசறதில்லை. வேலை போனதுக்கு இல்லை சார். பதினாலு வருஷமா நான் எதைப் போட்டாலும் அழகான கலருன்னு சொன்னாரே, அதெல்லாம் என்னன்னு ஒரே ஒரு தடவை கேட்டா, அதோட பேச்சை நிறுத்திட்டா.

இதுல உங்களுக்கு ஒண்ணுமே ஆகலை பாருங்க. குளியலறையில வழுக்கி ஒரு பல்லு பாதி உடைஞ்சுது, அவ்வளவுதான். அது யாருக்கு வேணா நடக்கும்.

இருங்க, அடுத்த பல்லை வெச்சுப் பாக்கறேன். ம்ஹும். இது கொஞ்சம் சாம்பல்.

கலரெல்லாம் யாரு பாத்துக் கொடுத்தாங்கன்னு யோசிக்கறீங்க இப்ப. நான்தான். அவன் செஞ்ச இருபத்திரெண்டு காருக்கும் பெயின்ட்டு கலந்தது நான். லேப் முடிஞ்சதும் இதே ஜன்னல்கிட்ட உக்காந்துதான் கலப்பேன். பழைய விளம்பரப் படம் ஒண்ணு கொண்டாந்து கொடுப்பான், அச்சுல மங்கிப் போயிருக்கும், அது புதுசுல என்ன கலரா இருந்திருக்கும்னு நான் கண்டுபிடிக்கணும். சொட்டுச் சொட்டா விட்டு, காய வெச்சுப் பாத்து, மறுபடி ஒரு சொட்டு. சரியா வந்ததும் சின்ன ஜாடியில ஊத்தி, மேல சீட்டு ஒட்டி, எந்தக் காரு, எந்தப் பாகம்னு எழுதிக் கொடுப்பேன். அவன் சீட்டைப் பாத்து அடிப்பான். ஸ்ப்ரே பிடிக்கற கை அவனுது, அந்த மாதிரி கை எனக்கு வராது. கண்ணு என்னுது.

போன வருஷம் தண்டர்பேர்டு காருக்கு முதல் பரிசு வாங்கினான். அப்பவும் மேடையில நீங்கதான் இருந்தீங்க. இந்தக் கலரை எப்படிப் புடிச்சீங்கன்னு கேட்டீங்க அவனை, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எல்லாம் நானே கலக்கறதுதான்னு சொன்னான். வீட்ல யாராவது உதவி பண்ணுவாங்களான்னு கேட்டீங்க. எங்க அக்கா ஜாடி கழுவித் தருவாங்கன்னான். மூணாவது வரிசையில உக்காந்து நானும் கைதட்டினேன். இறங்கி வந்து, அக்கா, உன்னைச் சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, வேற வழி தெரியலைன்னான். புரிஞ்சுது. புரிஞ்சாலும் ஆறலை. ஒரு வருஷம் பூரா ஜாடி கழுவும்போதெல்லாம் காதுல அதே கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

என்ன, கைப்பிடியை இறுக்கிப் புடிச்சிட்டீங்க? பல்லுக்குப் பயமா? வேண்டாம் சார். உங்க பல்லு அச்சு அசலா வரும், உங்க பொண்டாட்டிக்கே எதுன்னு தெரியாது. இந்தக் கையால தெரிஞ்சே தப்பான கலரு கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அது என் தம்பிக்கு.

ரெண்டு ஜாடி ரெடியா இருந்துச்சு. ஒண்ணு பெல் ஏருக்குப் பச்சை, இன்னொண்ணு அதுக்கப்புறம் செய்யப் போற கேடிலாக் காருக்கு ரோஸ். சீட்டை மாத்தி ஒட்டினேன். ஒரு நிமிஷம் ஆகலை. அடிச்சு முடிச்சதும் வழக்கம்போலக் கொண்டாந்து காட்டுவான், என்னடா இது ரோஸா இருக்குன்னு கேப்பேன், மூஞ்சி வெளுக்கும், ஜாடி கழுவறவ யாருன்னு அப்பத் தெரியும்னு நினைச்சேன். அவ்வளவுதான் என் திட்டம். அந்தத் தடவை அவன் காட்டலை. பஸ்ஸுக்கு ரெண்டு ஷிஃப்ட்டு போட்டுட்டாங்க, நேரமே இல்லை, நேரா ஹாலுக்குக் கொண்டு போயிட்டான். பொண்டாட்டி பாத்திருக்கா, நல்லா இருக்குன்னிருக்கா. அது பச்சையா இருக்கணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நான் ஹால்ல இருந்தேன். மேஜைக்கு முன்னாடி நின்னேன். காரையும் பாத்தேன், அட்டையையும் பாத்தேன். அவன் ஒரு துணியால டயரைத் துடைச்சுக்கிட்டு, எப்படி இருக்குக்கா கலருன்னு கேட்டான். நல்லா வந்திருக்குடான்னு சொல்லிட்டு நாற்காலியில போய் உக்காந்தேன்.

அவனுக்கு இன்னும் தெரியாது. அவசரத்துல தானே ஜாடியை மாத்தி எடுத்துட்டோம்னு நம்பிக்கிட்டு இருக்கான். நல்லா வந்திருக்குன்னு நான் சொன்னதும் அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான்னு நினைக்கறான். போன ஞாயித்துக்கிழமை வந்து, உன் பேரையும் கெடுத்துட்டேன்க்கான்னு சொல்லி என் காலடியில உக்காந்து அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இருங்க, கழட்டறேன். மெதுவா. வாய் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், சரியாயிடும். இப்பப் பேசலாம் நீங்க. அவன்கிட்டப் போய்ச் சொல்லணும்னா சொல்லுங்க, கம்பெனி கேட்டுலதான் இருப்பான், உங்களை உள்ள விடறானோ இல்லையோ. நான் ரெண்டு தடவை அவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.

மேடையில சட்டைக் கலரு கேட்டீங்களே, அப்ப அவன் உங்களைப் பாக்கலை சார். கூட்டத்துல என்னைத் தேடினான். சின்னதுலேருந்து அப்படித்தான், யாராவது கலரு கேட்டா என் மூஞ்சியைப் பாப்பான், நான் வாயை அசைச்சுக் காட்டுவேன். என்னைக் கண்டுபிடிச்சுட்டான். நேராப் பாத்தான். நான் குனிஞ்சு பையில எதையோ தேடினேன்.

தண்ணி அந்தப் பக்கம் இருக்கு. கொப்பளிச்சுக்கோங்க.