இறக்கை அடிக்கும் தேர்

பிள்ளைகளே, கல்லிடைக்குறிச்சிக்கு ரயிலில் வரும்போது என் எதிரே ஒரு நாடகக்காரரும் ஒரு தச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அம்பாசமுத்திரத்தில் நாடகம். ராஜா ஏறிப் பறக்கும் தேருக்காகச் செய்த இரண்டு மர இறக்கைகள், கீலும் கயிறுமாகத் தச்சர் மடியில் இருந்தன.

“ரெக்கைய அசையாம ஆணி அடிச்சிரும், ஆசாரி,” என்றார் நாடகக்காரர். “சீமையில நெசமாவே பறக்க வண்டி செஞ்சிட்டான். பேப்பர்ல படம் பாத்தேன். ரெக்கை பலகை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கி.”

“ஒரு மாசமா செஞ்சிருக்கேன் அண்ணாச்சி. கயித்த இழுத்தா கழுகு மாதிரி அடிக்கும்.”

“படிச்சவன் சிரிப்பாம்லா.”

“போன வருசம் முக்கூடல்ல ரெக்கை சிக்கி நின்னுட்டுதே, அப்ப யாரு சிரிச்சா?”

நாடகக்காரர் ஓர் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “ராசா விழுதாருன்னு முன்னால இருந்த சனம் எந்திச்சு ஓடிட்டுது,” என்றார்.

“சீமைக்காரன் வண்டி அசையாமலே பறக்கட்டும். நம்ம ராசா விழக்கூடாதுல்லா?”

கல்லிடைக்குறிச்சியில் நான் இறங்கும்போது ஓர் இறக்கை நாடகக்காரர் மடிக்கு வந்திருந்தது. அவர் கயிற்றைப் பைய இழுத்து, அது அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.