ஏழாவது நிமிஷத்துல என் குரல்

ஹலோ… ஹலோ, குறும்பட விழா ஆபீஸா?… பேசுறது யாரு?… ஒருங்கிணைப்பாளரா. சரிம்மா. இன்னைக்கு மூணு மணிக்கு நீங்க போடப்போற படங்கள்ல ஒண்ணைப் பத்திப் பேசணும்… இல்ல இல்ல, டிக்கெட் வேண்டாம்… பாஸும் வேண்டாம். நான் படம் பாக்கக் கூப்பிடல. ஒரு படத்தை நிறுத்தச் சொல்லக் கூப்பிடுறேன்.

…ஆமா, நிறுத்தத்தான்… நாலாவது படம். பதினோரு நிமிஷம் ஓடுமாம். எடுத்தது என் தம்பி பொண்ணு… ஆமா, ஆமா, அவதான்… நல்லா எடுத்திருக்காளா? சந்தோஷம். அதை அப்புறம் பேசுவோம்.

நான் அவளுக்குப் பெரியப்பா. படத்துல வர்ற வீடு என் வீடு… வீட்டைக் காட்டினதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, அதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். முப்பத்தாறு வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல இருந்தவன்மா நான். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் காகிதத்துல 'வீட்டின் அறைகள், படிகள், வெளிப்புறம்' அப்படின்னுதான் இருந்துச்சு. குரல்னு ஒரு வார்த்தை இல்ல.

…குரல்மா. என் குரல். ஏழாவது நிமிஷத்துல வருதாமே.

…யார் சொன்னாங்களா? உங்க ஹால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைச்சுக் குடுத்தாரே தையல்காரர், அவர்தான். நேத்து அதை மாட்ட வந்தப்போ நீங்க படத்தை ஓட்டிப் பாத்துட்டு இருந்தீங்களாம். ஏணி மேல நின்னுக்கிட்டே கேட்டிருக்கார். காலையில என் சட்டையைக் குடுக்க வந்தவர், "ஐயா, உங்க குரல் ஹால்ல கணீர்னு இருந்துச்சு"ங்கிறார். சிரிப்பு வேற.

…ஆமா… ஆமா, அந்த இடம்தான். போன் அடிக்குது, ஒரு ஆள் எடுத்து, "அப்படி யாரும் இந்த வீட்டுல இல்ல"ன்னு சொல்லிட்டு வைக்கிறான். அந்த ஆள் நான்… என்னது? எல்லாரும் சிரிச்சாங்களா? எதுக்கு?… ஓ. படம் பூரா வேற யாருமே பேசலையா… நான் ஒருத்தன்தானா.

அது நடிப்பு இல்லம்மா. அன்னைக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "பெரியப்பா, வீட்டோட சத்தம் மட்டும் எனக்கு வேணும், ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க"ன்னா. ஃபேன் ஓடுற சத்தம், கடிகாரச் சத்தம், அந்த மாதிரி… அதேதான். நாங்களும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தோம். அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள போன் வந்துடுச்சு… பின்ன, அடிக்கிற போனை எடுக்காம இருப்பாங்களா?

…ராங் நம்பர்தானேன்னா? ராங் நம்பர்னு உங்களுக்கு யார் சொன்னா?… அவளா? எப்ப சொன்னா? அப்போ இதைப் பத்தி ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கீங்க… இல்லம்மா, சும்மா பேச்சுவாக்குல எல்லாம் இது வராது. படத்தோட விண்ணப்பத்துல கதைச் சுருக்கம்னு ஒண்ணு இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கா? படிங்க… தேடி எடுங்க, நான் காத்திருக்கேன்.

…'ஒரு வீடு தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறது'… அப்புறம்?… அவ்வளவுதானா? இதுக்கு என்ன அர்த்தம்?… உங்களுக்கே சரியாத் தெரியலையா. தெரியாமலேதான் தேர்ந்தெடுத்தீங்களா?

சரி, படம் ஓடட்டும். அந்த ஏழெட்டு வினாடியை மட்டும் வெட்டிடுங்க… டைரக்டர் சம்மதிக்கணுமா? குடும்பத்துல பெரியவன் சொல்றேன், போதாதா?… காரணமா? காரணம் எழுத்துல வேணுமா?… எழுத்துல எல்லாம் தர முடியாது… ஏம்மா, அது வெறும் ராங் நம்பரா இருந்தா நான் ஏன் உங்களைக் கூப்பிடுறேன்?

…

இல்ல. நான் அப்படிச் சொல்லல… யாருங்கிறதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?… சரி, நீங்க கேக்கல. நானாத்தான் சொன்னேன்… யாரு? அவ அங்க இருக்காளா? சவுண்டு சரிபாக்கவா? வேண்டாம், அவகிட்ட குடுக்காதீங்க, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள… ஹலோ… ஹலோ…

குட்டியா?… ம். சாப்டியா?… கோபம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தப் போன் வர்ற இடத்தை எடுத்துடு… எடுத்துடுன்னா எடுத்துடு. உங்கிட்ட எப்ப நான் காரணம் சொல்லியிருக்கேன்?… அதை வைக்கச் சொன்னது யாரு? உங்கம்மாவா?… பொய் சொல்லாத… தானா வந்துச்சு, நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டியா. அந்த வீட்டுல எத்தனை சத்தம் இருக்கு. மிக்ஸி இருக்கு, உங்கப்பன் தும்மல் இருக்கு. நான் சொன்ன ஒரு வரிதான் உனக்கு நல்லா இருந்துச்சா?

…என்ன பாத்த?… நான் ஓடினேனா? முட்டி வலிக்காரன் எங்கடி ஓடுவான்?… ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்தா என்ன தப்பு? உன் ரெக்கார்டிங் கெட்டுடுமேன்னு எடுத்தேன். ராங் நம்பர். வச்சுட்டேன். முடிஞ்சுது.

…

என்ன கேட்ட?

…எந்த அத்தை? உனக்கு அத்தைன்னு யார் இருக்கா?… மெதுவாப் பேசு. பக்கத்துல அந்த அம்மா நிக்கிறாங்களா?… வெளியில வா. வராந்தாவுக்கு வா… வந்துட்டியா?

…ஆமா.

ஆமான்னுதான் சொன்னேன். எத்தனை தடவை சொல்லணும்?… ஒண்ணும் பேசல. "அண்ணா, நான்தான்"னா. மேல பேச நான் விடல… உனக்கு என்ன தெரியும்? நீ அப்போ பொறக்கவே இல்ல. தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை எல்லாருக்கும் குடுத்து முடிச்சப்புறம் உங்க அத்தை வீட்டை விட்டுக் கிளம்பிப் போனா. ஒவ்வொரு வீடா ஏறி, கல்யாணம் நின்னு போச்சுன்னு சொன்னது யாரு? உங்கப்பன் ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டான். நூத்தியிருபது வாசல்ல நான் ஒத்தையா நின்னேன். அதுல ஒரு வாசல்லயாவது அவ நின்னாளா?

…தெரியும். உங்கப்பன் தேடினது தெரியும். அவளோட பழைய விலாசத்துக்கு அவன் போட்ட லெட்டர் எல்லாம் திரும்பி வந்ததும் தெரியும், கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சதே நான்தானே. "அவ நம்மளை மறந்துட்டா, விடுடா"ன்னு நான்தான் சொன்னேன்… ஆமா. போன் வந்தப்புறமும்தான் சொன்னேன்… முதல் தடவையான்னு கேக்குறியா?

…மூணாவது தடவை.

அழாத… குட்டி, அழாத. இங்க பாரு, நாம ஒண்ணு செய்யலாம். அவ நம்பர் என்கிட்ட இருக்கு… போன்ல விழுதே, அதைப் பாத்து எழுதி வச்சேன்… ஏன்னா, எதையும் எழுதி வைக்கிறது என் பழக்கம். வேற ஒண்ணும் இல்ல. அந்த நம்பரை உனக்குத் தர்றேன். நீ அந்த இடத்தை எடுத்துடு. உங்கப்பன் அந்த ஹால்ல, நாலு பேர் சிரிக்கிறப்போ, நடுவுல உக்காந்து அதைக் கேக்கக் கூடாது… நியாயமாத்தானே கேக்குறேன்?… யார்கிட்ட என்ன சொல்ற? குட்டி… யாரு அங்க?

…

தம்பி.

…எப்ப வந்த?… ஹால்ல நாற்காலி போட வந்தியா… எல்லாம் சொல்லிட்டாளா… இல்லடா, நான் என்ன சொல்றேன்னா, அன்னைக்கு இருந்த நிலைமையில… சரி… சரி, அதைப் பேசல… இருக்கு. கையிலதான் இருக்கு. பேனா வச்சிருக்கியா?… எழுதிக்கோ. ஒன்பது… நாலு… நாலு… பூஜ்யம்… ஆமா, பூஜ்யம்… ஆறு… மூணு… ஒண்ணு… எட்டு… கடைசி ரெண்டும் அஞ்சு. எழுதிட்டியா? ஒரு தடவை திருப்பிப் படிச்சுக் காட்டுடா, ஏதாவது தப்பா விழுந்திருந்தா… ஹலோ?… தம்பி?… ஹலோ…