கடைசி வாரம் இல்லாத கதை

ஆந்திர எல்லை பிரித்த மறு வருடம், ஒரு மார்கழிக் காலை. புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒட்டுக்கேட்டது தவறுதான்; ஆனாலும் கேட்டேன்.

“புதுசா ஒரு கதை புக்கு சொல்லுக்கா. யாரும் சாவக் கூடாது,” என்றாள் இளையவள்.

“இன்னாடி இது கண்டிஷனு?”

“பனி வந்தா நைனா படுத்துடுறாரு. பக்கத்துல கதை படிச்சிக்கினு இருந்தாத்தான் துன்னுறாரு. போன கதையில பொண்ணு செத்துட்டா. ரெண்டு நாள் சோத்தையே தொடல.”

“அப்போ என்கிட்ட இருக்கிற தபால்காரரு பொண்ணு தொடர்கதைய எடுத்துக்கினு போ. வாராவாரம் பத்திரிகையிலருந்து கிழிச்சி பைண்டு பண்ணது. கடைசி வாரம் மட்டும் இல்ல. எல்ல பிரிச்சதும் நம்மூரு கடைக்காரரு தமிழ்ப் பத்திரிகைய நிறுத்திட்டாரு.”

“அய்யோ, முடிவு?”

“நானே கல்யாணம் பண்ணி வெச்சி படிச்சேன். எங்க மாமியா எழுந்து போயி பாயசம் காச்சினாங்க!”

“நான் ரெட்டப் புள்ளயே பெக்க வெக்கிறேன்க்கா. நைனா இன்னும் ரெண்டு தோச துன்னுவாரு!”

அவர்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

அந்தத் தொடரை நான் முழுதும் படித்தவன். கடைசி வாரத்தில் அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துபோவாள். தெரிந்ததைச் சொல்லி நான் கெடுத்த காரியங்கள் பல. அன்று திருப்பதி வரை வாயைத் திறக்கவில்லை.