காலித் தட்டை ஏந்தியவர்கள் மாதா குளத்துக் காவலருக்கு வாசித்தளிக்கும் மடல்

கூவத்தின் கரையில் பிறந்து, அடையாற்றின் கரையில் பணிபுரிந்து, இரண்டு ஆறுகளின் நாற்றத்தையும் நன்கறிந்து, இரண்டின்மீதும் வெறுப்புக் கொள்ளாத தாவரவியல் பேராசிரியரே! வளாகச் சூழல் குழுவின் அமைப்பாளரே! வாடிய செடியைக் கண்டால் வகுப்பையே நிறுத்திவிட்டு வாளியைத் தேடும் வள்ளலே! முனைவர் ஷீலா அம்மையாரே! வணக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தாங்கள் ஆற்றிய பணி இன்று மாலை ஐந்து மணிக்கு நிறைவடைகிறது. இப்படிப்பட்ட மடலைப் புகழ்ந்து வாசித்துவிட்டு இறங்குவது வழக்கம். எனக்கோ இன்று அது எளிதாக இல்லை. ஏன் என்பது மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். கீழே அமர்ந்திருக்கும் மாணவியருக்கும் விருந்தினருக்கும் தெரியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் சிற்றாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மாதா குளத்தைத் தூர்த்து, அங்கே மாணவியர் விடுதி எழுப்ப நிர்வாகம் விரும்புகிறது. அதற்கு, ‘இவ்விடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை’ என்ற சான்றிதழில் சூழல் குழுவின் அமைப்பாளர் கையொப்பமிட வேண்டும். தாங்கள் மூன்று மாதங்களாக மறுத்தீர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் கோப்பு புதிய அமைப்பாளரின் மேசைக்கு வரும். அந்தப் புதிய அமைப்பாளர் வேதியியல் துறையின் குருபிரசாத். அதாவது, இதோ இந்த மடலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்.

பக்தியைப் பேச்சில் வைக்காமல் பாத்தியில் வைத்த பண்பாளரே!

தாங்கள் அமைப்பாளர் ஆவதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் நான்காம் நாள், புனித பிரான்சிஸ் அசிசியார் திருவிழாவன்று, துறைக்கு ஒரு கன்றை மந்திரித்து நட்டோம். புகைப்படம் எடுத்தோம். மறு ஆண்டும் அதே குழிகளிலேயே நட்டோம், ஏனென்றால் முந்தைய ஆண்டு நட்டவை அனைத்தும் செத்துப்போயிருந்தன. பதினொரு குழிகளும் பழகிப்போய்விட்டதால், தோட்டக்காரர் அவற்றை மூடுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதைப் பார்த்துத் தாங்கள் கொதித்த கொதிப்பு எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. கோபம் வந்தால் தங்களின் சொற்பொழிவுத் தமிழ் விடைபெற்றுக்கொள்ளும், சிந்தாதிரிப்பேட்டைத் தமிழ் எழுந்து நிற்கும்.

“சாமிக்கு முன்னாடி நட்டுட்டு, சாமி அந்தாண்ட திரும்பினதும் காய வுடறதா? அடுத்த வருசம் பூசையில, நட்ட மரத்துலேர்ந்து ஒரு எல பறிச்சுக்கினு வந்து காணிக்கை வைங்க. செத்துப்போச்சுன்னா காலித் தட்டை எடுத்துக்கினு வாங்க. அதையும் சாமி பாக்கட்டும்.”

அன்று பிறந்தது அந்த வழக்கம். காணிக்கைப் பவனியில் அப்பமும் திராட்சை இரசமும் முன்னே செல்ல, பின்னால் பதினொரு துறைகளும் தட்டேந்தி வந்தன. முதல் ஆண்டு ஒன்பது தட்டுகள் காலி. ஆங்கிலத் துறைத் தலைவர் தட்டைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்தார். படைத்தவரைப் போற்றுவதும் படைப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒரே வேலைதான் என்பதை எந்த மறையுரையும் எங்களுக்கு அவ்வளவு வெட்கத்தோடு கற்பித்ததில்லை.

இரண்டாம் ஆண்டு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் துறை நட்ட பூவரசு பட்டுப்போயிருந்தது. காலித் தட்டோடு நடக்க மனமில்லாமல், காலையில் வரும் வழியில் ஒரு மரத்தில் நான்கைந்து இலைகளைப் பறித்துத் தட்டில் பரப்பினேன். வேதியியல்காரனுக்கு இலை என்றால் பச்சை, அவ்வளவுதான். பலிபீடத்தின் அருகே தட்டை வாங்கியவர் தாங்கள். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்ததால் தாங்கள் சொன்னது என் காதில் மட்டும் விழுந்தது.

“இன்னா குரு, நீ நட்டது பூவரசு. இதுல கீறது புங்க எல. ஆண்டவர்கிட்டயே டூப்பு வுடறியா?”

தாங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் என் மேசையில் ஒரு பூவரசங்கன்றும் ஒரு வாளியும் இருந்தன. அந்த மரம் இப்போது வேதியியல் துறையின் மாடிச் சன்னலைத் தொடுகிறது.

ஏழையின் பசியும் ஏரியின் தாகமும் ஒன்றெனக் கண்ட எங்கள் ஏந்தலே!

விடுதி வேண்டும் என்று நம் துணைவேந்தர் அருட்தந்தை செம்பியன் கேட்பது பேராசையால் அல்ல. ஆற்றங்கரைகளிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெண்கள் நம்மிடம் படிக்கிறார்கள். விடியுமுன் பேருந்து ஏறி, மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் தந்தை மனம் நொந்துதான் கேட்டார்: “ஏழைப் பிள்ளைங்களுக்கு எதிரா நிக்கிறீங்களே மேடம், இதுவா நம்ம விசுவாசம்?”

தாங்கள் எழுந்தீர்கள்.

“ஃபாதர், என் அக்கா பேத்தியும் அந்த பஸ்லதான் வந்துகினு கீறா. ஹாஸ்டல் வோணான்னு யார் சொன்னது? நாங்க கார் வுடற எடத்துல கட்டுங்க. கொளத்தை மூடி அதும்மேல அந்தப் பொண்ணுங்களைப் படுக்க வச்சா, ஐப்பசியில தண்ணி வந்து பக்கத்துல படுத்துக்கும். பெருவெள்ளத்துல இந்தக் கேம்பஸ் தப்பிச்சது இந்தக் கொளத்தாலதான், மறந்துட்டீங்களா?”

‘கார் வுடற எடம்’ என்ற சொல் விழுந்ததும் ஆசிரியர்கள் நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் மேசையைப் பார்த்தோம். மேசை மிக அழகாக இருந்தது. தாங்கள் தனியாக நின்றீர்கள், பிறகு தனியாக அமர்ந்தீர்கள். தங்களைத் தோற்கடித்தது நிர்வாகம் அல்ல, அம்மா. நிழலில் கார் நிறுத்திப் பழகிய நாங்கள்தான்.

சில நாள் கழித்துத் தந்தை என்னை வராந்தாவில் நிறுத்தினார். “குரு, நீங்க பிராக்டிகலான ஆளு. மே மாசம் போகட்டும், பேசிக்கலாம்” என்றார். நான் சிரித்தேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதில் பிழையில்லை. அது சம்மதச் சிரிப்புத்தான்.

நேற்று மாலை குளத்தைப் போய்ப் பார்த்தேன். நடுவில் கணுக்காலளவு நீர், சுற்றிலும் வெடித்த சேறு. நீர்நிலை இல்லை என்று எழுத இதைவிட வசதியான மாதம் கிடையாது. பேனாவும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் காதில் தங்களின் ‘டூப்பு வுடறியா?’ கேட்டது. அந்தச் சான்றிதழ் என் இரண்டாவது புங்க இலை என்று அப்போது புரிந்தது. இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. இன்று காலை துறை துறையாகச் சென்று ஒரு தட்டை நீட்டினேன்.

தந்தை அவர்களே, பெரியோர்களே! இதோ அந்தத் தட்டு. திருவிழாவில் ஏந்தும் அதே பித்தளைத் தட்டு. இதில் இலை இல்லை. முப்பத்தொரு கார் நிறுத்தும் அனுமதி அட்டைகள் இருக்கின்றன. மீதிப் பன்னிருவர் தரவில்லை. அவர்களுக்கும் காரணங்கள் உண்டு, வீட்டில் நோயாளிகள் உண்டு, அவர்களை இகழாதீர்கள். முப்பத்தொருவர் விட்டுக்கொடுக்கும் இடத்தில் ஒரு விடுதி நிற்க முடியும் என்று நம் பொறியாளர் ஜுவேரியா அளந்து சொல்லியிருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு வரும் கோப்பில் நான் கையொப்பமிட மாட்டேன். இதற்குப் பிறகும் அமைப்பாளர் பதவி என்னிடம் இருக்குமா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அம்மையாரே! சால்வை போர்த்தினால் வியர்க்கிறது என்று கழற்றிவிடுவீர்கள். ஆகவே தட்டைத் தங்கள் கையில் தருகிறோம். பிப்ரவரியில் தர வேண்டியதை மே மாதக் கடைசி நாளில் தருகிறோம், மன்னியுங்கள். மூட்டு வலி குறைந்து, மூச்சு சீராகி, முதுமை தங்களைத் தொடத் தயங்கி, நூறாண்டு நலமாக வாழ்க! ஐப்பசி தோறும் வந்து குளத்தின் மட்டத்தைப் பாருங்கள். அக்டோபர் தோறும் வந்து எங்கள் தட்டுகளைச் சோதியுங்கள். இலை மாறியிருந்தால் உரக்கவே திட்டுங்கள், இனி எல்லோருக்கும் கேட்கட்டும்.

இங்ஙனம்,
அட்டை தந்த முப்பத்தொருவர்,
அட்டை தராவிட்டாலும் இம்மடலில் ஒப்பமிட்ட பன்னிருவர்,
முப்பத்தொருவருள் ஒருவனாக, பூவரசு நட்டுவிட்டுப் புங்க இலை கொண்டுவந்த
குருபிரசாத்

அடையாறு,
மே 31