முன்னாடியே வெளியே வந்த விஷயம்

ஐயோ, நிறுத்துங்க சார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. அந்த அட்டைப்பெட்டியையும் மூடிடுங்க. கோவிச்சுக்காதீங்க, மடியில என்ன வச்சிருக்கீங்கன்னு நான்தான் கேட்டேன், ஒத்துக்கறேன். பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்கள சும்மா கேக்கறதுதானே. நானே கண்டுபிடிச்ச மெஷின்னு சொல்லி மூடியத் திறப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?

பேடன்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சா? இன்னும் இல்லயா? அப்ப வாயவே திறக்காதீங்க. வெளியில நாலு பேருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அது புதுசு இல்லன்னு ஆயிடும். அப்புறம் கண்டுபிடிச்ச நீங்களே போய் நின்னாலும், போய்யான்னுடுவாங்க. முன்சீட்டுக்காரர் தூங்கறாரா? எட்டிப் பாருங்க. வாய் திறந்திருக்கா? அப்ப நெஜமான தூக்கம்தான்.

என் பொழப்பே அதுதான் சார். கண்டுபிடிச்சவங்க வந்து சொல்லுவாங்க, நான் அத சட்டத்துக்குப் புரியற மாதிரி எழுதணும். வக்கீலா? இல்ல இல்ல, மெக்கானிக்கல் இன்ஜினியர். முதல்ல ஒரு பம்பு கம்பெனியில ரெண்டு வருஷம் இருந்தேன். காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் பம்பு ஓடுதா, ஓடுதான்னு பாக்கற வேலை. பம்பு ஓடுச்சு, எனக்குத்தான் ஓடல. அப்ப ஒரு விளம்பரம் பார்த்தேன். விஞ்ஞானமோ இன்ஜினியரிங்கோ படிச்சு, நாலு வரி ஒழுங்கா எழுதவும் தெரிஞ்சவங்க வேணும்னு போட்டிருந்துது.

இன்டர்வியூல அந்த முதலாளி என்ன பண்ணாரு தெரியுமா? துணி காயப்போடற கிளிப்பு ஒண்ண மேஜை மேல வச்சாரு. பேரச் சொல்லாம இது என்னன்னு எழுதும்மான்னாரு. ரெண்டு கை, நடுவுல ஒரு ஸ்பிரிங்குன்னு எழுதினேன். உடனே டிராயர்லேர்ந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, ஸ்பிரிங்குக்குப் பதிலா இத மாட்டி நான் விக்கறேன், உன்னால என்னைப் பிடிக்க முடியுமாங்கறாரு. விரிச்சா தானா மறுபடி மூட வைக்கிற ஏதோ ஒண்ணுன்னு எழுதணுமாம். அப்பத்தான் எவனும் சந்துல புகுந்து ஓட முடியாதாம். ஆஹா, இதுதாண்டா நம்ம வேலைன்னு எனக்கு அங்கயே பிடிச்சுப் போச்சு.

அதுக்கப்புறம் வீட்டுலயும் அதே பேச்சுதான். ஒரு தடவை, அம்மா, அந்த உக்கார உதவுற, குறைந்தபட்சம் மூணு கால் கொண்ட அமைப்ப இப்படி நகத்துன்னேன். அம்மா பயந்துபோய் நெத்தியத் தொட்டுப் பார்த்தாங்க. சொந்தக்காரங்க, பொண்ணு என்ன வேலை பாக்கறான்னு கேட்டா, காப்பி அடிக்கறவங்களப் பிடிக்கற வேலைன்னு சொல்லிடுவாங்க. எங்க சித்தப்பா இன்னிக்கும் நான் பரீட்சை ஹால்ல பறக்கும் படைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

என்ன, உங்க பொண்ணு பிசிக்ஸா? தாராளமா வரலாம் சார். எங்க ஆபீஸ்ல ஒரு கெமிஸ்ட்ரி டாக்டரம்மா இருக்காங்க. பசை, பெயின்ட், மாத்திரை எல்லாம் அவங்ககிட்ட போகும். செடி கொடின்னா ஒரு தாவரவியல்காரர். சுத்தறது, ஆடறது, ஒழுகறது எல்லாம் என் தலையில. ஒரு பரீட்சை எழுதணும். நான் ரெண்டாவது தடவைதான் தேறினேன். மத்தபடி பொறுமை வேணும். ஒருத்தர் நாள் பூரா உலகத்துலயே இல்லாததுன்னு மார்தட்டிட்டுப் போவாரு. நாம ராத்திரி பகலா தேடி, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே எங்கயோ ஒருத்தர் செஞ்சுட்டாருன்னு கண்டுபிடிச்சு, நோகாமச் சொல்லணும்.

சொல்றேன், ஏன் இப்படிப் பதறினேன்னு சொல்றேன். எங்க அண்ணன் பம்பு மெக்கானிக். கிணத்துக்குள்ள போற குழாயோட அடியில ஒரு வால்வு இருக்கும், தண்ணி திரும்பி ஓடிடாம பிடிச்சு வைக்கிறது. அதுல குப்பை சிக்கும், யாராவது இறங்கி எடுக்கணும். அண்ணன் என்ன செஞ்சாருன்னா, மோட்டார நிறுத்தினதும் திரும்புற தண்ணியே அந்தக் குப்பையத் தள்ளிவிடற மாதிரி ஒரு வால்வு செஞ்சாரு. பத்தாவதோட நிறுத்தினவரு சார்! என்னைப் படிக்க வச்சதே அவர்தான். போன வருஷம்தான் இதுக்கு பேடன்ட் வாங்குவோம்னு நானே எழுதிப் போட்டேன். வெளிய யார்கிட்டயாவது சொல்லியிருக்கியான்னு முறைப்படி கேட்டேன். உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லலன்னாரு. அண்ணி பக்கத்துலதான் நின்னாங்க. அன்னிக்கு அண்ணனுக்குச் சோறு கெடைக்கல, அது வேற கதை.

ஆறு மாசத்துல பேடன்ட் ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துது. இது புதுசு இல்லயாம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலேஜ் மலர்ல கட்டுரையா, படத்தோட வந்திருக்காம். காலேஜுக்காரங்க பழைய மலரையெல்லாம் இன்டர்நெட்டுல ஏத்தி வச்சிருக்காங்க, அத அதிகாரி தோண்டி எடுத்துட்டாரு. எழுதினவர் பேர் புயல். அதான், புனைபெயர்.

வீடே கொந்தளிச்சுது. அந்தப் புயல் மட்டும் என் கையில கெடைச்சான்னு அண்ணன் ஸ்பேனரோட நடந்துக்கிட்டே இருந்தாரு. அம்மா எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, எழுதுன அந்தக் கை வெளங்குமான்னாங்க. எனக்குப் புரையேறிடுச்சு. உன் காலேஜ்தானே, யாருன்னு தெரியாதான்னு அண்ணன் கேட்டாரு. பெரிய காலேஜுண்ணேன்னேன்.

இல்ல சார், சும்மா விடல. மூணு மாசம் உருண்டு பொரண்டு சண்டை போட்டேன். அண்ணன் பின்னால அதுல ஒரு ரப்பர் வளையம் சேர்த்திருந்தாரு, அது கட்டுரையில இல்ல. அந்த வளையத்துக்கு மட்டும் கெடைச்சுது. வால்வை யாரு வேணா செய்யலாம், வளையம் போட்டா மட்டும் அண்ணனக் கேக்கணும். வீடு கேட்டுப் போனவருக்கு வாசப்படி கெடைச்ச மாதிரி. அதுக்கே அண்ணன் என் தலையில கைய வச்சு, நீ மட்டும் இல்லன்னா இதுவும் இல்லம்மான்னாரு. ரெண்டு நாள் தூங்கல நான்.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நேத்து போன் பண்றாரு. காலேஜ் ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர் இருக்காம், அதுல புனைபெயருக்கு எதிர்ல நெஜப் பேரு இருக்குமாம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீ அங்க படிச்சவ, நீ வந்து நின்னா உடனே எடுத்துக் காட்டுவாங்க, லீவு போட்டுட்டு வான்னு சொல்றாரு.

அதான் போய்க்கிட்டிருக்கேன். வேகம் குறையுது, என் ஸ்டாப்புதான். அதோ, அந்த நீலச்சட்டை அண்ணன்தான், கைய ஆட்டறாரு பாருங்க. கொஞ்சம் கால மடக்கிக்கோங்க சார், நான் இறங்கணும்.

அண்ணன் செஞ்சத ஊரே பாக்கட்டும்னு அவ்வளவு பெருமையா அந்த மலர்ல எழுதினேன் சார், அப்புறம் எழுதினதே மறந்துபோச்சு. படம்கூட ராத்திரி உக்காந்து நானேதான் வரைஞ்சேன். யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. சத்தமாச் சொன்னா வாய் வருதான்னு பார்த்தேன்.

வருது.