கலகலக்காத ஊசி

— விரல் இல்லையாம், பிறேமா.

— என்ன விரல் இல்லை? முதல்லை இருங்கோ. இன்னும் ஒரு நிமிசம் பிந்தியிருந்தா ரெயினை விட்டிருப்பம். பிறகு வுப்பர்டாலிலை பேத்தியின்ரை முப்பத்தொண்டாம் நாள் சடங்கை ஆர் செய்யிறது?

— என்ரை விரல் இல்லை எண்டு சொல்லிப்போட்டான், அந்தத் துவக்குத் திருத்திற மனுசன். நான் விசையிலை தொடேல்லையாம். துவக்கு தானாய்த்தான் வெடிச்சதாம். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தித் தந்திட்டான். இஞ்சை பாரும்.

— எனக்கு இந்த ஜேர்மன் கடுதாசி விளங்காது, வாயாலை சொல்லுங்கோ. துவக்கு எப்பிடித் தானாய் வெடிக்கும்? அதென்ன பிறஷர் குக்கரோ?

— சிரிக்காமல் கேளும். அது எழுபது வருசப் பழசு. ஒவ்வொருமுறை சுட்ட பிறகும் அடுத்த ரவையைத் தானே ஏத்திக்கொள்ளுற சாதி. முதல் ரவையை மட்டும் நாங்கள் ஏத்தோணும். பின்னாலை இருக்கிற பூட்டை இழுத்து விட்டால், அது ரவையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொள்ளும்.

— சரி.

— அந்தப் பூட்டுக்குள்ளை ஒரு ஊசி இருக்கு. புதுத் துவக்குகளிலை அதைப் பின்னுக்கு இழுத்து வைச்சிருக்கச் சுருள்வில்லு இருக்கும். இதிலை இல்லை. மணியின்ரை நாக்கு மாதிரி சும்மா ஆடிக்கொண்டு கிடக்கும். ஊசி போய் ரவையின்ரை குண்டியிலை குத்தினால்தான் வெடி.

— கதைக்கிற கதையைப் பாருங்கோ. பக்கத்திலை ஆக்கள் இருக்கினம்.

— அவைக்குத் தமிழ் தெரியுமே? ஊசி முன்னுக்குத் தள்ளுப்பட்டு அப்பிடியே இறுகிப்போச்செண்டு வையும். பூட்டு ஓடிப்போய் அடிபடேக்கையே அது குத்திப்போடும். விசை தேவையில்லை. விரலும் தேவையில்லை.

— அப்ப கை?

— கைக்கு ஒண்டுமில்லை.

— திருப்பிச் சொல்லுங்கோ.

— கைக்கு ஒண்டுமில்லையப்பா. இந்தா, நீட்டிக் காட்டுறன். நடுங்குதே?

— ரெயின் ஆடுறதிலை எனக்கு எல்லாம் நடுங்குது. ஐயோ முருகா. அஞ்சு கிழமை. தேத்தண்ணியை மேசையிலை வைச்சிட்டு மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான். கோப்பையைத் தூக்கேக்கை நான் பாக்கிறன் எண்டு நீங்கள் நினைக்கக்கூடாதெண்டு.

— தெரியும். அலுமாரிக் கண்ணாடியிலை உம்மடை முகம் தெரிஞ்சது.

— தெரிஞ்சுகொண்டே குடிச்சனியள்?

— என்னைப் பெத்த ஐயாவுக்கும் அறுபதிலைதான் கை நடுங்கத் துவங்கினது. எனக்கு ஐம்பத்தொன்பது. வெடிச்ச உடனை எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. விரல் எனக்குத் தெரியாமலே அமத்திப்போட்டுதாக்கும் எண்டு. வேலையிலையும் ஸ்டாப்லரிலை, அந்தச் சாமான் தூக்கிற வண்டியிலை, ஏறேல்லை. ஒரு தொன் சாமானைத் தூக்கிக்கொண்டு போகேக்கை கை தன்ரை பாட்டுக்கு ஏதும் செய்தால்? மேலாளரிட்டை முதுகு நோ எண்டு சொல்லிப்போட்டுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தன்.

— அந்தக் கிளவுஸ் கிழவன்தான் எல்லாருக்கும் முன்னாலை உங்களை வெக்கப்படுத்தினவன்.

— அவன் நாங்கள் சுடப் போற சங்கத்துத் தலைவர். அவன் கேக்கத்தானே வேணும். குழாய் மண்மேட்டைப் பாத்தபடி இருந்தது, அதாலை ஆருக்கும் ஒண்டுமில்லை. "லிங்கம், விரல், விரல்" எண்டான். இப்ப ரெலிபோனிலை சொன்னனான். மன்னிப்புக் கேட்டவன். வாற சனி மனுசி சுட்ட கேக்கோடை வாறானாம்.

— நல்ல சங்கம். அங்கை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து சந்தா கட்டிச் சுட்டுப்போட்டுக் கேக் தின்னுறியள்.

— அங்கை துவக்கு என்னைப் பாத்துக்கொண்டிருந்தது. இஞ்சை நான் அதைக் கழட்டிப் பாக்கிறன். அவ்வளவுதான்.

— சரி சரி. வியாழக்கிழமை நரம்பு டொக்டரைப் பாக்க எடுத்த டெர்மின்?

— வேண்டாம் எண்டு சொல்லுவம்.

— விசரோ? மூண்டு பேரைப் பிடிச்சுக் கெஞ்சி எடுத்த டெர்மின். சும்மாவெண்டாலும் போய்க் காட்டிப்போட்டு வாங்கோ. ஹாகன் ஸ்டேசன் தாண்டியாச்சு. இஞ்சேருங்கோ, இண்டைக்காவது மகள் யதுசாவுக்கு விசயத்தைச் சொல்லுங்கோ.

— என்னத்தை?

— ஏன் பிள்ளையைத் தூக்கேல்லை எண்டு. அண்டைக்குத் தடிமன், மூக்கு ஓடுது எண்டியள். பிறகு இருமல். பிறகு உடுப்பிலை கிறீஸ். பொம்பிளைப் பிள்ளை பிறந்தபடியால்தான் அப்பா தொடுறாரில்லை எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். என்னட்டைச் சொல்லி அழுதவள்.

— அவளே சொன்னவள்?

— அவளேதான்.

— விசர்ப் பிள்ளை. நாலு கிலோவும் இல்லாத உயிர், பிறேமா. என்ரை கை எனக்குத் தெரியாமல் ஒரு துவக்கை வெடிக்க வைச்சதெண்டு நினைச்சுக்கொண்டு, அந்தக் கையிலை பிள்ளையை வாங்குவனோ? தொட்டிலுக்குக் கிட்டப் போகேக்கை ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போனனான்.

— அதைத்தான் அவள் பாத்தவள்.

— இண்டைக்கு வாசலிலை வைச்சே வாங்குறன். சப்பாத்துக் கழட்ட முந்தி.

— கை கழுவிப்போட்டு. அதுசரி, அந்த ஊசி ஏன் இறுகினது?

— பழைய கிறீஸ். உள்ளுக்கை காய்ஞ்சு கல்லாய்ப் போச்சு. சுடப் போக முந்திப் பூட்டைக் குலுக்கிப் பாக்கோணும், ஊசி கலகலக்கோணும். அண்டைக்கு நான் குலுக்கேல்லை. அதுதான் பிழை.

— ஒவ்வொரு கிழமையும் கழட்டித் துடைக்கிற ஆள் நீங்கள். எங்கையிருந்து பழைய கிறீஸ் வந்தது?

— ஒரு மூலையிலை கிடந்திருக்கும்.

— என்ன நிறமாம்?

— கிறீஸின்ரை நிறம்தான். விடுமன் அதை.

— இந்தக் கடுதாசியிலை எனக்கு ஒரு சொல்லுத் தெரியும். "கெல்ப்." எங்கடை மஞ்சள் குப்பைப் பையிலை இருக்கிற சொல்லு. மஞ்சள் எண்டுதானே?

— கடுதாசியை இஞ்சை தாரும்.

— வாசமும் இருந்ததோ?

— பிறேமா.

— அது கிறீஸ் இல்லை. என்ரை சந்தனம். சரஸ்வதி பூசையண்டு வீட்டிலை இருக்கிற ஆயுதம் எல்லாம் வைக்கோணும் எண்டு நான்தான் உங்களை ஆய்க்கினைப்படுத்தினனான். நீங்கள் புறுபுறுத்துக்கொண்டு இரும்புப் பெட்டியைத் திறந்து, துண்டு துண்டாய்க் கழட்டிப் பேப்பரிலை பரப்பினனீங்கள். என்ரை தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்திலை. நான் ஒவ்வொண்டுக்கும் பொட்டு வைச்சுக்கொண்டு போனனான். அடுத்த சனிதானே வெடிச்சது.

— அழாதையும். ஆக்கள் பாக்கினம்.

— பாக்கட்டும். முப்பது நாள் நீங்கள் பிள்ளையைத் தூக்காமல் நிண்டது என்னாலை. அண்டைக்கு நீங்கள் சிரிச்சனீங்கள், இரும்புக்கு என்ன பூசை எண்டு. யதுசா வயித்துப் பிள்ளையோடை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள், கும்பிடுங்கோ எண்டு கேட்டன். டொக்டர் பாப்பார், சாமிக்கு ஏன் ஓவர்டைம் எண்டு பகிடி விட்டனீங்கள். உங்கடை சொல்லைக் கேட்டிருந்தால் இது நடந்திராது. என்ரை பக்தி ஆரின்ரையேன் உயிரை எடுத்திருக்கும்.

— இஞ்சேரும். என்னைப் பாரும். உம்மடை பொட்டு மரப்பிடியிலையும் குழாயிலையும்தான் இருந்தது. நான் ஒரு துணியாலை துடைச்சுப்போட்டன்.

— என்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறியள்.

— இல்லை. ஊசி சின்னன், துலைஞ்சு போகுமெண்டு அதை நான் பேப்பரிலை வைக்கவே இல்லை. என்ரை உள்ளங்கையிலை பொத்தி வைச்சிருந்தனான். நீர் அதைக் கண்ணாலையும் காணேல்லை.

— அப்ப ஊசியிலை எப்பிடிச் சந்தனம் வந்தது?

— எழும்பும். வுப்பர்டால் வருது. பலகாரப் பையை இஞ்சை தாரும்.

— சொல்லிப்போட்டு எழும்புங்கோ. ஆர் வைச்சது?

— நீர் கற்பூரம் எடுக்கக் குசினிக்குப் போனனீர். யதுசாவுக்குப் பிறஷர் இறங்கேல்லை எண்டு அப்பத்தான் மருமோன் மெசேச் போட்டிருந்தவன். உமக்குச் சொல்லேல்லை. கும்பிட்டு முப்பது வருசம், பிறேமா, எப்பிடிக் கேக்கிறதெண்டும் எனக்குத் தெரியேல்லை. கையிலை இருந்தது அந்த ஊசி ஒண்டுதான். தாயும் பிள்ளையும் தப்பினால் காணும் எண்டு சொல்லிச் சொல்லி, உம்மடை சந்தனத்தை அள்ளி அதிலை அப்பி, துடைக்க மனமில்லாமல் அப்பிடியே பூட்டுக்குள்ளை போட்டது நான்தான்.