பச்சை எரிந்த பிறகு

டீக்கு நன்றி சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

என் பெயர் செம்மொழி. ஒரத்தநாடு பக்கம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கடலுக்குப் போகும் படகுகளின் இருப்பிடத்தைச் சேமித்து வைப்பது தஞ்சாவூரில் எங்கள் கம்பெனியின் வேலை. படகு எண்ணைக் கொடுத்தால் இடம் வரும், அவ்வளவுதான் டேட்டாபேஸ். நாற்பது இயந்திரங்கள், ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று நகல். நாகூர்ப் படகுகளின் மூன்று நகலும் எங்கள் அறையிலேயே இருந்தன.

அதற்கு ஸ்டோரேஜ் எஞ்சின், அதாவது வரும் தகவலை எழுதிவைக்கும் மென்பொருள், தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டைப் பார்த்தேன். ஒன்று, டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் ‘கிடைத்தது’ என்று சொல்லும், மெதுவானது. மற்றது, மெமரியில் வாங்கியதுமே சொல்லிவிடும். எழுதுவது ஒரு நிமிடம் கழித்து. நடுவில் கரண்ட் போனால் போனதுதான்.

ஆபத்தில் படகிலுள்ள கருவியின் பட்டனை அழுத்தினால், ‘கிடைத்தது’ என்ற அந்தப் பதில் போய் அதில் பச்சை விளக்கு எரியும். எரிந்ததும் பேட்டரி மிச்சமாகட்டும் என்று கருவியை அணைத்துவிடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். அதனால் மெதுவானதே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

என் மேலதிகாரி மனோகரன் சிரித்தார். "நீங்கள்லாம் நாத்து நட்டுப் பழகுனவங்க, ஒண்ணொண்ணா ஊனுவீங்க. இது வீசி வெதைக்கிற வேலைம்மா."

சோதனைத் தகவலைத் தொலைத்துக் காட்டினேன்.

"பொய் டேட்டாவ வெச்சுக் கதை சொல்லாத. நெசமா ஒண்ணு தொலையட்டும், பாப்போம்."

வேகமானதையே போட்டார்கள். அவர் கேட்டதும் நியாயம்தான். பதினோரு நாள் காத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு நாகூர் காத்தானின் படகிலிருந்து ஆபத்துச் செய்தி வந்தது. மூன்று பேர். இடம் திரையில் தெரிந்தது, சீட்டில் குறித்துக்கொண்டேன். பச்சை எரிந்தது, கருவி அணைந்தது. எழுந்துபோய் அறையின் மெயின் சுவிட்சை இறக்கினேன். யூ.பி.எஸ்ஸையும்.

சாயங்காலம் மனோகரனிடம் காட்டினேன். பதில் போயிருக்கிறது, இடம் இல்லை.

மறுநாள் காத்தானின் மனைவி செவ்வந்தி வந்தார். "பச்ச எரிஞ்சா போதும்னு சொல்லுவாரும்மா. எடம் உங்ககிட்ட இருக்கணுமே. இன்னொரு வாட்டி நல்லாப் பாருங்களேன்."

பார்த்தேன். "இல்லைங்கக்கா" என்றேன். சீட்டைக் காட்டியிருந்தால் எதுவுமே தொலையவில்லை என்று ஆகியிருக்கும். மனோகரன் மறுபடி சிரித்திருப்பார்.

செய்தி வந்த ஆறாம் நாள் கிடைத்தார்கள். நான்காம் நாள் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

மறுவாரமே எஞ்சினை மாற்றினார்கள். என் அறிக்கையில் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை.

சீட்டு பையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த எதையும் நான் தொலைத்ததில்லை சார்.